பான் என்று சொல்லும் மெட்டு, கடையைச் சொல்லாத மெட்டு: மலையக வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரங்களின் வர்த்தகர் சங்கங்களுக்கும் கடை முதலாளிமாருக்கும்,

வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கும்போதே ஓட்டோக்களின் கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறிவிடுகிறது. ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு, அதில் மாற்றிப் போட்ட சொற்கள், ஒரு கடைப்பெயர், ஒரு தொலைபேசி எண். மறுநாள் இன்னொரு ஓட்டோ வருகிறது. அதே மெட்டு, வேறு கடை. லயத்துப் (தோட்ட வரிசைவீட்டுப்) பிள்ளைகள் மெட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைப்பெயர் அவர்கள் வாயில் நிற்பதில்லை. மெட்டைக் கேட்டவுடன் அந்தப் படமும் நடிகரும்தான் நினைவில் எழுகின்றன. காசு கொடுத்தவர் நீங்கள், பலன் போவது வேறிடத்துக்கு.

விளம்பரப் பாட்டு எழுதுவதும் இசையமைப்பதும் பதிவு செய்வதும் எங்கள் தொழில். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. உங்கள் கடைக்கென்று ஒரு மெட்டு வேண்டும், அது தமிழ்ச் சொல்லின் அளவிலிருந்து பிறக்க வேண்டும். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் உங்கள் பிள்ளைகள் கடையை நடத்தும் காலத்திலும் அது உழைக்கும். எப்படிச் செய்வது, எங்கே கெடும், ஏன் கெடும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் படித்துப் பேசத் தக்கதாக எழுதியிருக்கிறோம்.

முதலில் உங்கள் வாசலுக்கே வரும் இரண்டு பாடங்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் நடத்துநர் கூவுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஊர்ப்பெயர் அடுக்காக மூன்று தரம், முதல் இரண்டும் ஒரே சுருதியில் வெடுக்கென்று, மூன்றாவது சற்று நீண்டு இறங்கும். பதுளை ரயிலில் வடைக் கூடையோடு ஏறுகிறவரும் அதையே செய்கிறார். பெயர், அதன் அடுக்கு, மாறாத ஏற்ற இறக்கம். விளம்பரப் பாட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான். வயலின், கீபோர்ட், கோரஸ் எல்லாம் அதன்மேல் போடும் சதை.

இரண்டாவது பாடம், பான் (ரொட்டி) விற்க வரும் ஓட்டோ. பேத்தோவன் 1810இல் எழுதிய ஒரு சிறு பியானோ இசையின் தொடக்கம் ஒலிக்கிறது. சொல் இல்லை, பெயர் இல்லை. ஆனாலும் வளைவுக்கு அப்பால் அது கேட்டவுடனே காசை எடுத்துக்கொண்டு ஆட்கள் ரோட்டுக்கு வருகிறார்கள். ஒரே நேரம், ஒரே தேவை, ஒரே மெட்டு என்று நாள்தோறும் சேர்ந்து வந்ததால் மெட்டே பானாகிவிட்டது. மெட்டின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த மெட்டு பானைச் சொல்கிறதே தவிர, யாருடைய பான் என்று சொல்வதில்லை. எந்த பேக்கரியின் வண்டியும் அதையே போடுகிறது. சினிமா மெட்டை எடுக்கும் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நேர்வது இதே சங்கடம்தான்.

பாட்டு விளம்பரத்தின் வயது நூறை நெருங்கிவிட்டது. 1926 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர வானொலியில் நான்கு ஆண் குரல்கள் வீட்டீஸ் என்ற தானிய உணவைப் பற்றிப் பாடின. சில ஆண்டுகளில் அந்த உணவைக் கைவிடலாமா என்று கம்பனி யோசித்தது. கணக்கைப் புரட்டியபோது விற்பனையில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டு ஒலித்த வட்டாரத்திலேயே நடந்திருந்தது. கைவிடும் பேச்சு நின்று, பாட்டு நாடு முழுவதும் போனது. நம் நாட்டில் 1950 செப்டெம்பர் 30இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கடல் தாண்டித் தமிழ்நாடும் கேட்டது. அந்தத் தலைமுறையில் இரண்டு கரையிலும் கோபால் பல்பொடியை அறியாத வீடு அரிது. பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அறிந்தவர்கள் அவர்கள்.

மெட்டு ஏன் ஒட்டிக்கொள்கிறது? சொல்லும் மெட்டும் சேர்ந்து மனத்தில் பதிந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும். அடுத்த சொல் மறந்தாலும் அதற்கு எத்தனை அசை, எங்கே நீளம் என்பதை மெட்டு காட்டிக்கொடுக்கும். இதில் முதலாளிமார் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட சோதனைகளில், எளிய மெட்டு திரும்பத் திரும்ப வந்து காதுக்குப் பழகினால்தான் பாடிய சொற்கள் பேசிய சொற்களைவிட நன்றாக நினைவில் நின்றன. ஒருமுறை மட்டும் கேட்ட மெட்டு உதவவில்லை. ஆகவே நுணுக்கமான மெட்டைப் போட்டு, காசு போதாமல் வாரத்துக்கு நாலு தரம் மட்டும் ஒலிபரப்பினால் அது வெறும் அறிவித்தலைவிடக் குறைவாகவே வேலை செய்யும். நாலு தரம்தான் முடியும் என்றால் பாட்டே வேண்டாம், தெளிவான குரலில் ஒரு அறிவித்தல் போதும். பாட்டைச் செய்வதானால் ஒலிபரப்புக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

மலையகத்துக்குப் பாட்டால் சேதி சொல்வது புதிதல்ல. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், அக்காலத்தில் மக்கள் அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தை எழுதித் தோட்டங்களில் பாடினார். தெரிந்த மெட்டை எடுப்பது அங்கே சரி. ஏனென்றால் அந்தப் பாட்டு எல்லாருக்கும் உரியது, கூட்டம் முழுவதும் உடனே சேர்ந்து பாட வேண்டும். கடையின் பாட்டுக்கு வேலை வேறு. ஒரு தெருவில் இருக்கும் இருபது கடைகளில் ஒன்றை மட்டும் அது பிரித்துக் காட்ட வேண்டும். கடன் வாங்கிய மெட்டால் அந்த ஒரு வேலையைத்தான் செய்ய முடியாது.

இனிச் சொல்லுக்கு வருகிறோம். கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு நெட்டெழுத்தைக் குறுக்கினாலோ ஒரு குற்றெழுத்தை நீட்டினாலோ தமிழில் சொல்லே மாறிவிடும். கொழும்பில் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ போட்ட மெட்டில் பிறகு தமிழை ஊற்றும்போது நடப்பது இது. மெட்டில் முதல் சுரம் நீளம். அங்கே "கடை" என்ற சொல் விழுந்தால் "காடை" ஆகிறது. "நகை" விழுந்தால் "நாகை" ஆகிறது. பால்மா விளம்பரத்தில் "பால்" குறுகிய சுரத்தில் மாட்டினால் "பல்" ஆகிவிடும். கேட்பவருக்குப் பிழை எது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். உறுத்துவதை வாய் திரும்பப் பாடாது. சிங்கள விளம்பரமும் உங்களுக்கு வேண்டும், மலையக நகரங்களில் வாடிக்கையாளர் இரு மொழியினரும்தான். தாளமும் பெயருக்குரிய கடைசிச் சுரங்களும் பொதுவாக இருக்கட்டும். நடுவில் உள்ள வரிகளுக்கு அந்தந்த மொழியின் அளவுக்குத் தனித்தனி மெட்டு வேண்டும். இதனால் வேலை ஒரு நாள் கூடும், அவ்வளவே.

சரியான வழி இது. முதலில் கடைப்பெயரை வாய்விட்டுப் பத்துத் தரம் சொல்லுங்கள். இயல்பாக எந்த அசை எழும்புகிறது, எது நீள்கிறது என்று குறியுங்கள். அந்த ஏற்ற இறக்கத்தையே கொஞ்சம் மிகைப்படுத்தினால் மெட்டின் விதை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டுக்கு நாங்களே ஒரு பெயர் இடுகிறோம்: மலைத்தென்றல் துணிக்கடை. "மலைத்-தென்-றல்" என்பது நிரை, நேர், நேர். புளிமாங்காய் வாய்பாடு. இதில் உள்ள ஒரே நெட்டெழுத்தான லையும் சொல்லின் நடுவில் குறுகி ஒலிக்கும், எதைப் பிடித்து நீட்டுவது? மெல்லின ஒற்றைப் பிடிக்க வேண்டும். "தென்" என்பதில் உள்ள ன் மூக்கில் நின்று ஒலிக்கும், ஒரு தட்டு முழுவதும் நீட்டலாம். "றல்" என்பதின் ல் போன்ற இடையின ஒற்றும் ஓரளவு தாங்கும். க், ட், ப் போன்ற வல்லின ஒற்று தாங்காது, அங்கே ஒலி வெட்டுப்படும். பெயர் வல்லின ஒற்றில் நின்றால் அதை நீட்ட முயலாதீர்கள். அடித்து நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு தப்படியை (தப்பு மேளத்தின் அடியை) போடுங்கள்.

அந்தக் கடைக்கு இரண்டு வரி:

மழைக்கும் குளிருக்கும் மலைத்தென்றல்,
பண்டிகைக்கும் பள்ளிக்கும் மலைத்தென்றல்.

ஒற்றை விட்டு எண்ணினால் பதினொரு எழுத்து ஒரு வரிக்கு, பதினொரு எழுத்து மற்றதற்கு. முதல் வரியில் மழைக்கும் மலைக்கும் மோனை, இரண்டாவதில் பண்டிகைக்கும் பள்ளிக்கும் மோனை. இரு வரியும் பெயரிலேயே முடிகின்றன. கடை எதற்கு என்று நாலு சொல்லில் வந்துவிட்டது. "தரமான, நியாயமான, நம்பிக்கையான" என்று ஒரு பெயரெச்சமும் இல்லை. அவை எல்லாக் கடைக்கும் பொருந்துவதால் எந்தக் கடையையும் காட்டாதவை. மூச்சு எங்கே விழும் என்றும் பாருங்கள். "குறைவில்லாத தரம்" என்று எழுதி, பாடகர் நடுவில் மூச்சு வாங்கினால் "குறை" என்ற சொல் தனியே நின்றுவிடும். எழுதியவர் வரியைச் சத்தமாகப் பாடிப் பார்க்காமல் பாடகரிடம் கொடுக்கக் கூடாது.

தொலைபேசி எண்ணைப் பாடாதீர்கள். பத்து இலக்கத்தை ஓடும் ஓட்டோவிலிருந்து யாரும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. "பஸ் நிலையத்துக்கு எதிரே" என்பது நினைவில் நிற்கும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சைக் கொச்சையாக்கிச் சிரிப்பூட்டும் விளம்பரங்கள் இன்னும் வருகின்றன. தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைக்குச் சட்டை எடுப்பதும் வீட்டுக்குச் சாமான் வாங்குவதும் அவர்களுடைய கை. வாங்குகிறவரை இழிவு செய்து விற்க முடியாது, செய்யவும் கூடாது. மலையகத்துப் பேச்சை அதன் இயல்பான மரியாதையோடு பாடக்கூடியவர்கள் மலையகத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பாட வையுங்கள்.

மெட்டின் வீச்சு சிறியதாக இருக்கட்டும். பெயர் வரும் வரி ஸ முதல் ப வரை, ஐந்து சுரத்துக்குள் அடங்கினால் பிள்ளையும் பாடும், பாட்டியும் பாடுவார். இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி யாகுபோவ்ஸ்கியும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், காதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் மெட்டுகள் சற்று வேகமானவை என்றும், ஏறி இறங்கும் பழகிய வடிவம் உள்ளவை என்றும், ஆனால் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத தாவல் உள்ளவை என்றும் கண்டார்கள். அந்த ஒரு தாவலைக் கடைப்பெயரில் வையுங்கள். ஸவிலிருந்து பவுக்குப் பெயரின் முதல் அசையில் தாவினால் போதும். தாவல் வேறு சொல்லில் விழுந்தால் அந்தச் சொல்தான் நிற்கும். சுரம் அதிகம் வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி மந்தர ப, மத்திய க, ஸ என்ற மூன்றே மணியொலிகளை 1950இல் தன் வணிகக் குறியாகப் பதிந்தது.

தாளக் கணக்கு ஸ்டூடியோவுக்குப் போகும் முன் காகிதத்தில் முடிய வேண்டும். நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் நான்கு தட்டு கொண்ட ஆவர்த்தம் (தாளச் சுற்று) ஒன்றுக்கு 2.5 விநாடி, 30 விநாடியில் 12 ஆவர்த்தம். அதில் 11ஐ மட்டும் பயன்படுத்தி, கடைசி 2.5 விநாடியை ஓசை அடங்க விடுங்கள். 128 தட்டில் 16 ஆவர்த்தம் சரியாக 30 விநாடி ஆகிவிடும், அடங்க இடம் இருக்காது. ஒலிபரப்பில் அடுத்த விளம்பரம் வந்து விழ, கடைசியில் இருக்கும் உங்கள் பெயர்தான் வெட்டுப்படும். அதே 16 ஆவர்த்தத்தை 132 தட்டுக்குக் கூட்டினால் 29.1 விநாடிக்குள் முடியும். கும்மியின் "தகிட" என்ற மூன்றெண்ணிக்கை நடை பிடித்தால் ஒரு தகிடவுக்கு 0.6 விநாடி வைத்து 48 தகிட 28.8 விநாடி. எங்கள் மக்களின் காலில் ஏற்கெனவே இருக்கும் நடை இது, துணிக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் நன்றாகப் பொருந்தும். 30 விநாடியில் பாடும் சொற்கள் 24ஐத் தாண்டினால் நெருக்கடி தொடங்கும். பெயர் முதல் 5 விநாடிக்குள் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

முப்பது விநாடியும் பாடித் தீர்க்காதீர்கள். உளுந்து வடை மாதிரி நடுவில் ஒரு வெளி விடுங்கள். முதல் 3 ஆவர்த்தம் பாட்டு, அடுத்த 5 ஆவர்த்தம் பேச்சுக்கு, கடைசி 3 ஆவர்த்தம் மீண்டும் பாட்டு. 96 தட்டில் அந்த வெளி 12.5 விநாடி, ஏறக்குறைய 25 சொல் பேசலாம். தீபாவளி விலைக்கழிவு, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஜனவரியில் பாடசாலைச் சீருடை, எது வந்தாலும் பேச்சை மட்டும் மாற்றினால் போதும். பாட்டுக்கு இரண்டாம் தரம் செலவில்லை. பேச்சுக்கு அடியில் வயலினோ புல்லாங்குழலோ மெட்டு வாசிக்கக் கூடாது, அது சொல்லோடு போட்டி போடும். தாளமும் சுருதியும் மட்டும், பேச்சைவிட 12 முதல் 15 டெசிபல் தாழ்வாக.

மலையின் ஒலியியல் தனி. கொழும்புக்காரர் பலர் அறியாதது, எங்களுக்கு நாளாந்தம். இங்கு ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் ஓடுகிறது. எதிர்மலை 170 மீற்றர் தூரத்தில் இருந்தால் எதிரொலி ஒரு விநாடியில் திரும்பும், 340 மீற்றர் என்றால் இரண்டு விநாடியில். வரியை இடைவெளி இல்லாமல் ஓட்டினால் முதல் சொல்லின் எதிரொலி மூன்றாம் சொல்லின் மேல் வந்து விழுந்து இரண்டும் கலங்கும். ஓட்டோவுக்கென்று தனிப் பிரதி செய்யுங்கள். அதில் பெயருக்குப் பின் ஒரு முழு ஆவர்த்தம் மௌனம். அப்போது பள்ளத்தாக்கே உங்கள் பெயரைத் திருப்பிச் சொல்லும். ரோட்டில் நிற்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு மூன்றாம் தரம் கூவுவார்கள்.

குழாய் ஒலிபெருக்கி ஏறக்குறைய 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தராது. கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரும் அப்படியே. ஸ்டூடியோவில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் லயத்தில் கேட்காது. அதுமட்டுமல்ல, கேட்காத அந்தப் பேஸ் குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை அலைத்துப் பழுதாக்கும். ஆகவே ஓட்டோப் பிரதியில் 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி எடுத்துவிடுங்கள். தாளத்தைத் தப்பின் மெல்லிய நீளக் குச்சி எழுப்பும் கூர்மையான ஒலியிலும் கைத்தாளத்திலும் வையுங்கள். பெண் குரல் 5, 5½ கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதி உயரத்தின் அளவு) குழாயில் நன்றாக எடுபடும். ஆண் குரல் 1 கட்டைக்குக் கீழே இறங்கினால் தொலைந்துபோகும். பெருக்கியை முழுதாகத் திருகுவதால் சத்தம் கூடுவதில்லை, ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், ச, ஸ எல்லாம் சீறும். எஞ்சினை அணைத்துவிட்டு நீண்ட நேரம் போட்டாலும் பற்றரி இறங்க இதே கோளாறு வரும். அதிகாலையில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கியிருக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து வெகுதூரம் ஓடும். அப்போது பாதிச் சத்தம் போதும்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது வீட்டுக்குள் வானொலியின் மென்மையான தொடக்க இசை எதுவும் கேட்காது. மெல்லிய வீணையில் தொடங்கி மெல்ல எழும்பும் அழகான முன்னிசையை இந்த மாதங்களுக்குத் தயாரிக்க வேண்டாம். முதல் தட்டிலேயே குரல் வரட்டும்.

பதிவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தனி ஸ்டூடியோ இல்லாவிட்டால் ஒரு சிறு அறையில் பாடகருக்குப் பின்னும் பக்கங்களிலும் நான்கு கனத்த கம்பளியைத் தொங்கவிட்டால் அறையின் முழக்கம் அடங்கும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், முன்னால் காற்றுத் தடுப்பு. உச்ச அளவு -10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். தப்புக்கு மைக் ஒரு மீற்றருக்குக் குறையாத தூரத்தில். மலைக் குளிரில் தப்பின் தோல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொய்ந்து சுருதி இறங்கும். இரண்டு பதிவுக்கு இடையில் நெருப்பில் காய்ச்சிக்கொள்ள ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரியின் தப்பும் கடைசி வரியின் தப்பும் இரண்டு கருவி போல ஒலிக்கும். கலந்து முடித்ததும் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். அகலமாக ஒலிக்கட்டும் என்று செய்யும் சில கணினி வித்தைகளால் அப்படி ஒன்றாக்கும்போது குரலே மறைந்துவிடும். பெரும்பாலோர் உங்கள் பாட்டைக் கேட்கப்போவது ஒரே ஸ்பீக்கரில்தான்.

காமன்கூத்தின் தப்படியைச் சேலை விற்க எடுக்காதீர்கள். விரதம் காத்து ஆடுகிறவர்களின் வழிபாடு அது. ஒப்பாரியும் அப்படியே. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கின் நடையை எடுத்துப் புது மெட்டுக் கட்டலாம். சினிமா மெட்டுக்கு வந்தால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இசைப் படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை உண்டு. பேத்தோவன் 1827இல் இறந்தவர், பான்காரருக்கு அவரால் தொல்லை இல்லை. நேற்று வந்த படத்தின் மெட்டை அனுமதி இல்லாமல் எடுப்பது மீறல்.

பாட்டைச் சோதிக்கக் காசு தேவையில்லை. கடையோடு தொடர்பில்லாத பத்துப் பேருக்கு, அதில் நாலைந்து பிள்ளைகள் இருக்க, மூன்று தரம் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் முனகச் சொல்லுங்கள். மெட்டும் பெயரும் வந்தால் வெற்றி. மெட்டு வந்து பெயர் வராவிட்டால் பெயர் தவறான சுரத்தில் இருக்கிறது, தாவலை இடம் மாற்றுங்கள். பெயர் வந்து மெட்டு வராவிட்டால் மெட்டு சிக்கலானது, சுரத்தைக் குறையுங்கள். இரண்டும் வராவிட்டால் அலங்காரம் செய்து காப்பாற்ற முயலாமல் புதிதாகத் தொடங்குங்கள். சொந்தக்காரர் கருத்தைக் கேட்காதீர்கள், அவர்கள் நன்று என்றே சொல்வார்கள்.

ஒலிபரப்பை மாதம் முழுவதும் தெளிக்காமல், 10ஆம் திகதிக்குள் சம்பளம் வரும் நாட்களை ஒட்டியும் பண்டிகை முற்பணம் கையில் வரும் வாரத்திலும் குவியுங்கள். முப்பது விநாடியோடு பதினைந்து விநாடிப் பிரதியும், பெயர் மட்டும் வரும் ஐந்து விநாடிப் பிரதியும் மாறி மாறிப் போனால் கேட்பவருக்குச் சலிப்பு வராது. ஓட்டோ ஒரு லயத்துக்கு முன் இரண்டு தரம் போட்டுவிட்டு நகரட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் கடக்கும்போது அணைத்துவிடுங்கள். தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அன்று அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சங்கங்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு பதிவுக் கொப்பி வையுங்கள். எந்தக் கடைக்கு எந்த மெட்டு என்று எழுதி, ஒரு கடையின் மெட்டை இன்னொரு கடை எடுப்பதில்லை என்று பேசி முடிவு செய்யுங்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், தப்படித்தவர் எல்லாரோடும் எத்தனை ஆண்டுக்கு, எந்த ஊடகத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்று ஒரு பக்கத் தாளிலாவது எழுதிக் கையொப்பம் இடுங்கள். தப்படிப்பவருக்குச் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். அவர் வாசித்த நாலு அடிதான் எதிர்மலையிலிருந்து திரும்பி வருகிறது.

மூன்றாவது, நாள் கணக்கு. தீபாவளிக்குப் பத்து வாரம் முன்பு சொல் எழுதத் தொடங்குங்கள். எட்டு வாரம் இருக்கும்போது மெட்டு, ஏழில் சோதனை, ஆறில் பதிவு, ஐந்தில் வானொலிக்கு. கடைசி வாரத்தில் வந்து நிற்பவருக்குச் சினிமா மெட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்க எங்களாலும் முடியாது. பதிவு முடிந்ததும் கலந்த பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் குரல், தப்பு, இசை என்று தனித்தனித் தடங்களையும் கேட்டு வாங்கி, இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைக் கடைப் பெட்டகத்திலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

அன்புடன்,
மலையகத்தில் விளம்பரப் பாட்டு எழுதுவோர், இசையமைப்போர், பாடுவோர், பதிவு செய்வோர்